சந்தியாகு என்றொரு பெயர்

சந்தியாகோ என்ற ஸ்பானியப் பெயர் எமக்கு அந்நியமானதல்ல. போர்த்துக்கேயரோடு எமது கரைகளுக்கு வந்து சந்தியாகு, சந்தியோகு என்று தமிழாகிவிட்ட பெயர்தான். எமது உணவகத்தில் கோப்பை கழுவும் கொலம்பியத் தோழர் தன் மகனுக்கு அப்பெயரை வைத்தபோதுதான் அதன் பொருளைத் தேடினோம்.

இலத்தீனில் 'சங்க்துஸ் யாக்கோபுஸ்', அதாவது புனித யாக்கோபு. ஸ்பானியர் வாயில் அது 'சந்த் இயாகோ'வாகிப் பின் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயரின் ஜேம்ஸ், முஸ்லிம்களின் யாக்கூப், குருநகர்க் கோயிலின் யாகப்பர் எல்லாம் இதே பெயர். (இப்பெயரைக் கூவியபடி ஸ்பானியர் மூர்களோடு போருக்குப் போனது வேறு கதை.) எபிரேயத்தில் யாக்கோபு என்றால் குதிகாலைப் பிடித்தவன். இரட்டையரில் இளையவனான அவன் அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தானென்கிறது ஆதியாகமம். பிறகு அண்ணனை ஏமாற்றியதால் 'எத்தன்' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது.

எப்படி ஏமாற்றினான்? கண் மங்கிய தகப்பனிடம் தன்னை ஏசா என்று சொல்லி, அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டான். இந்த இடத்தைத் தாண்ட எம்மில் பலருக்குச் சங்கடமாயிருக்கும். நாமும் பிறர் பெயரில் விமானம் ஏறியவர்கள்.

1987 பெப்ரவரியில், திருப்பியனுப்பப்படுவதை எதிர்த்து ஹீத்ரோவில் தமிழர்கள் உடைகளைக் களைந்து நின்றார்கள். அதே வருடம் பிரித்தானியா சட்டமொன்றைக் கொண்டுவந்தது: உரிய பத்திரமில்லாத பயணியை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு 1000 பவுண் தண்டம். சொந்தப் பெயரில் வரும் வழியை அடைத்துவிட்டு, வந்த பெயர் பொய்யென்று குற்றம் சாட்டினார்கள்.

பொய்தான். ஆனால் ஏசா கதறி அழுதான், அவனுக்குரியது பறிபோயிற்று. பெயரை எடுத்ததால் யார் எதை இழந்தார் என்று கேட்பதே நியாயமென்று நாம் நினைக்கிறோம். பாஸ்போட்டை விற்றவருக்குக் காசு கிடைத்தது. அரசு இழந்தது, ஒருவரை ஏறுமிடத்திலேயே மறித்துவிடும் வசதியை.

யாக்கோபின் கதை அத்தோடு முடியவில்லை. ஊரைவிட்டோடிப் பல வருடம் வாழ்ந்து திரும்பும் வழியில், யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை ஒருவரோடு மல்லுக்கட்டுகிறான். அவர் பெயரைக் கேட்கிறார். இம்முறை உள்ளதைச் சொல்கிறான். 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் 31ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே கேட்கிறது: தாமதியாமல் அதிகாரிகள் முன் வந்து தகுந்த காரணம் சொல்லும் அகதியை, முறைகேடாக வந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது. போலிப் பத்திரத்தோடு வந்தவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டென்று 1999இல் அதிமி வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது.

உள்ளதைச் சொல்லப் பயந்து அப்படியே இருந்துவிட்டவர்களும் எம்மிடையே உண்டு. அவர்களை எத்தர் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. இழப்பு முழுவதும் அவர்களுடையதே. சம்பளத் துண்டில் ஒரு பெயர், மனைவி கூப்பிடுவது வேறொரு பெயர். பிள்ளைகளின் பெயரோடு யாரோ ஒருவரின் தகப்பன் பெயர் ஒட்டியிருக்கிறது. ஊரில் தாய் செத்துப்போனால், மரண அறிவித்தலில் அடைப்புக்குறிக்குள் லண்டன் என்று போட்டு, அதற்கு முன்னால் எந்தப் பெயரை எழுதுவதென்று இரவிரவாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.