உண்ணிக்குச்சி யானை

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் காட்டில் வெட்டிக் கொண்டுவந்த உண்ணிச்செடிக் குச்சிகளைத் தண்ணீரில் கொதிக்கவைக்கிறார்கள். வெந்ததும் பட்டையை உரித்துவிட்டால் குச்சி சொன்னபடி வளையும். கம்பியால் கட்டிய யானைச் சட்டத்தின்மேல் அதை வளைத்து ஆணியடித்து, அதை ஒட்டியே அடுத்த குச்சியை வைக்கிறார்கள். முதுகின் மேடும் காதின் மடிப்பும் துதிக்கையின் சுருக்கமும் குச்சிகளின் ஓட்டத்திலேயே வந்துவிடுகின்றன. அந்த வட்டாரத்தில் நடமாடும் நிஜ யானைகளைப் பார்த்து, அதே அளவில் செய்யப்படும் உருவங்கள் இவை. செய்பவர்கள் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்தினர். 2021இல் இந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் மந்தையாக நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்கா போய் நியூயார்க் தெருவிலும் நின்றன. விற்ற பணம், மனிதரும் காட்டு விலங்குகளும் ஒரே நிலத்தில் வாழ்வதற்கான பணிகளுக்குப் போகிறது.

நல்ல காரியம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. விலங்கின் அழகை விற்று விலங்கைக் காப்பது எப்போது அறமாகும்? தன் உருவத்துக்கு யானை கூலி கேட்பதில்லை. கேட்காதவரிடம் பட்ட கடனைத் தீர்ப்பதுதான் கடினம்.

பணம் சேர்ந்தால் போதும் என்பது ஒரு பதில். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஷெப்பர்ட், ஆப்பிரிக்காவில் நஞ்சு கலந்த நீர்நிலை ஒன்றின் அருகே 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தபின் தன் தூரிகையை விலங்குகளுக்காகவும் செலவிட்டவர். அவருடைய ‘டைகர் ஃபயர்’ ஓவியம் 1,27,000 பவுண்டு திரட்டி, 1973இல் தொடங்கிய நம் நாட்டின் புலிகள் காப்புத் திட்டத்துக்குக் கைகொடுத்தது. ஓர் ஓவியம் அவ்வளவு செய்யும். ஆனால் புலிப் படம் விலைபோகும் அளவுக்குப் பாறு கழுகின் படம் விலைபோகாது. தவளையைக் கேட்கவே வேண்டாம். சந்தை விரும்பும் விலங்குக்கு மட்டும் பணம் சேர்ந்தால், காட்டின் தேவைக்கும் கண்ணின் ஆசைக்கும் இடையே பள்ளம் விழும்.

எதைக் கொண்டு செய்கிறோம் என்பது அதைவிடக் கூர்மையான கேள்வி. ஓவியர்கள் கொண்டாடிய தூரிகைகளில் ஒன்று கீரி முடியில் கட்டியது. நிறத்தை நன்றாக இழுத்துப் பிடிக்கும், முனை கலையாது. ஒரு கிலோ முடிக்கு ஐம்பது கீரிகள்வரை சாகவேண்டும் என்கிறது வனவிலங்கு அமைப்பொன்றின் கணக்கு. சட்டம் தடுத்தும் அந்தத் தூரிகைகள் கள்ளத்தனமாக விற்கின்றன. அப்படி ஒரு தூரிகையால் மானை வரைந்து, அதை ஏலம்விட்டு, பணத்தைக் காட்டுக்கே கொடுத்தாலும் செத்த கீரிகளின் கணக்கு நேராகாது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழியின் பின்பாதியில் தந்தச் சிற்பிகளின் பங்கும் உண்டு. அவர்களின் கைத்திறனை யாரும் குறைசொல்ல முடியாது. திறன் இருந்ததாலேயே தந்தத்துக்கு விலை கூடியது என்பதுதான் வேதனை.

இந்த இடத்தில் உண்ணிக்குச்சி யானை தலைநிமிர்ந்து நிற்கிறது. காட்டிலிருந்து அது எடுப்பது காட்டுக்கு வேண்டாததை. உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. பல நிறப் பூங்கொத்துக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இங்கே தோட்டத்தில் வைத்தார்கள். அது காட்டுக்குள் புகுந்து புதராக மூடிக்கொண்டதும், அடியில் புல் முளைக்க இடமில்லாமல் போயிற்று. காட்டைக் கெடுத்த இந்தச் செடியும் அழகுக்காக வந்ததுதான் என்பதைக் கலைஞர்கள் மனதில் வைக்கவேண்டும். அழகானது என்பதால் மட்டும் எதுவும் குற்றமற்றதாகிவிடாது.

இன்னொன்றும் இதில் சரியாக இருக்கிறது. லண்டன்காரருக்கு யானை ஓர் அழகு. கூடலூரில் விடியுமுன் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது வழியில் நிற்கக்கூடிய ஆபத்து. யானையோடு வாழும் சுமையை அவள் சுமக்க, யானையின் அழகுக்கான பணம் வேறெங்கோ போவது அநியாயம். இந்தச் சிற்பங்களில் யானையோடு வாழும் மக்களின் கைக்கு முதலில் கூலி வருகிறது. அது கொடையாக வராமல், தெரிந்த வேலைக்குச் சம்பளமாக வருவதே கௌரவம்.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடமுடியாது. வெட்டினால் உண்ணி சாகாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால்தான் அது ஒழியும். அதன்பிறகும் சில ஆண்டுகள் விதை நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டும், அந்த இடத்தில் நம் புல்லை வளர்க்கவேண்டும். அதைப் படம்பிடிக்க ஆள் வராது, ஏலத்தில் எடுக்கவும் முடியாது. சிற்பத்துக்குக் குச்சி கிடைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று யாராவது தூரை விட்டுவைத்தால், அன்றைக்கே இந்தக் கலை தன் நியாயத்தை இழக்கும்.

காட்டு விலங்கின் ஓவியமோ சிற்பமோ வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதோடு நிற்காதீர்கள். தூரிகை எந்த முடியில் ஆனது, செய்தவருக்கு எவ்வளவு கிடைத்தது, மீதி எந்தக் காட்டில் எந்த வேலைக்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.