சொல்லாமல் போடும் ஊசி

தாம்பரம், குரோம்பேட்டை மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை முடிந்து படுத்திருப்பவருக்கு வயிற்றுத் தோலுக்கடியில் தினமும் ஓர் ஊசி போடுவது வழக்கம். "ரத்தம் கட்டாமல் இருக்க" என்பார் செவிலியர். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அசையாத காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். அந்த ஊசி பெரும்பாலும் ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்சபாரின். 1916-இல் நாயின் கல்லீரலில் கண்டறியப்பட்ட ஹெப்பாரின் இன்று பெரும்பாலும் பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து வருகிறது. பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி தேடுகிற நாட்டில் மருந்துக் குப்பிக்கு அந்தப் புள்ளி கட்டாயமில்லை. பல்லாவரத்து முஸ்லிமிடமும், முட்டைகூடத் தொடாத நங்கநல்லூர் வைணவரிடமும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

சொன்னால் மறுப்பார், மறுத்தால் சாவார் என்று மருத்துவர்கள் அஞ்சலாம். மதங்கள் அவ்வளவு விறைப்பானவை அல்ல. வேறு வழியற்ற நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதை உண்பவர்மேல் குற்றமில்லை என்கிறது குர்ஆன். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், பஞ்ச காலத்தில் விசுவாமித்திரர் நாய்க்கறிக்கே துணிகிறார். சுத்திகரித்த மருந்தில் பன்றி எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். பொருள் முற்றாக உருமாறினால் விலக்கு நீங்கும் என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் சிலரே சொல்கிறார்கள். ஆனால் வைணவருக்கோ சமணருக்கோ உறுத்துவது கொலை; எத்தனை முறை வடிகட்டினாலும் அது போகாது.

எப்படியும் அனுமதி உண்டென்றால் சொல்லித்தான் என்ன பயன்? மாற்று இல்லாத இடத்தில்தான் அது நிர்ப்பந்தம். ஃபோண்டாபரினக்ஸ் ஊசி முழுக்க வேதியியல் முறையில் செய்யப்படுவது. ரிவராக்சபான், அபிக்சபான் மாத்திரைகளும் அப்படியே. ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு ஃபோண்டாபரினக்ஸ் ஆகாது. கர்ப்பிணிக்கு இந்த மாத்திரைகள் கூடாது. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. கர்ப்பிணிக்கு அது பெரும்பாலும் மெய்யான நிர்ப்பந்தம், மனம் குறுகுறுக்காமல் போட்டுக்கொள்ளலாம். மாற்று மருந்து ஒத்துக்கொள்ளும் உடம்புக்காரரிடம் மௌனம் காப்பதோ, அவருடைய தருமத்தை அவருக்காக வேறொருவர் தீர்மானிப்பது. மூச்சுத் திணறி வருபவருக்கு மட்டும் முதலில் ஊசி, பிறகு பேச்சு.

அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே உங்கள் வழக்கத்தைச் சொல்லி, எந்த மருந்து என்று கேளுங்கள். ஆனால் போட்டுக்கொண்டிருக்கும் ஊசியை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.