ஓட்டையும் ஓசையும்



காது வலி என்று பிள்ளை அழுதால், நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது எண்ணெய்க் கரண்டி. நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் காதில் இரண்டு சொட்டு. பாட்டிமாரின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் காது ஜவ்வில் ஓட்டை இருக்கிறதா என்பது பாட்டிக்கு எப்படித் தெரியும்? டாக்டர் கருவியை வைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்விடும். எண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை.

ஜவ்வு என்று நாம் சொல்லுகிற செவிப்பறை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்குவது. கனம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் காற்றடைத்த சிறிய அறை. அதில் மூன்று குட்டி எலும்புகள். ஜவ்வின் அதிர்வை அவை உள்காதுக்குக் கடத்துகின்றன. சளி பிடித்துக் காதுக்குள் சீழ் கட்டினால் ஜவ்வு ஓட்டையாகலாம். ஓங்கி ஒரு அறை விழுந்தாலும் கிழியும். அறைகிற கை பெரும்பாலும் வலது கை. அதனால் கிழிவது பெரும்பாலும் இடது காது. மருத்துவ ஏடுகளில் இது பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளையோ மனைவியையோ கை நீட்டி அடிக்கிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

அடிபட்டுக் கிழிந்த சிறிய ஓட்டை அநேகமாகச் சில வாரங்களில், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மாதங்களில், தானே மூடிக்கொள்ளும். நாம் சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்கத்தான் நமக்கு வராது. பட்ஸ், ஊக்கு, கொண்டை ஊசி, வண்டிச் சாவி, கோழி இறகு என்று காதுக்குள் போகாத பொருளே கிடையாது. மூடாத ஓட்டைக்கு ஆபரேஷன் இருக்கிறது. காதுக்கு மேலே உள்ள தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இதைச் செய்கிறார்கள்.

எனக்கு இடது காதில் ஓர் ஓட்டை. கூடவே ஓர் இரைச்சல். இரண்டோடும் பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஒரே காதில்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. ஓட்டையைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். இரைச்சலைக் கவனிக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

ஓட்டை விஷயம் சுலபம். குளிக்கும்போது பஞ்சை உருட்டி வாஸ்லைன் தடவிக் காதை அடைத்துக்கொள்கிறேன். கிணற்றில் குதிப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் தலை சுற்றும். தண்ணீருக்கு அடியில் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்றே தெரியாது. குற்றாலம் போனால், அருவியில் நிற்பவர்களின் சட்டைக்கும் செருப்புக்கும் நான்தான் காவல். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தையும் தொடுவதில்லை. சில மருந்துகள் ஓட்டை வழியே இறங்கி உள்காதையே கெடுத்துவிடும்.

இரைச்சல்தான் கஷ்டம். ஒருவருக்குச் சில்வண்டு, ஒருவருக்குக் குக்கர் சீறுவது, எனக்கு ஓயாத ஒரு ‘கொய்ங்’. உள்ளே வண்டும் இல்லை, பூச்சியும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒலி குறைந்துபோகும்போது மூளை தன் கவனத்தைக் கூட்டுகிறது. நிலையம் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமை ஏற்றினால் கரகரப்புத்தானே பெரிதாகும்? அந்தக் கதைதான்.

1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாக எழுதினார்கள். அப்படியென்றால், முழு நிசப்தத்தில் அநேகமாக எல்லாருக்கும் காது இரையும். அதனால்தான், “கதவைச் சாத்திட்டு அமைதியாப் படு, சரியாயிடும்” என்று வீட்டில் சொல்வது எங்களுக்கு உதவாது. ஃபேன் ஓடட்டும். ரேடியோ மெல்லப் பாடட்டும். இதை இந்த வானொலி நிலையத்தார் சொல்லச் சொல்லிச் சொல்லவில்லை!

காது இரைகிறவர்கள் பலர் காலையில் எழுந்ததும், இரைச்சல் இருக்கிறதா, போய்விட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடுவார்கள். தேடினால் இருக்கத்தான் செய்யும். பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வேதனையைத் தீர்மானிப்பது ஓசையின் அளவு அல்ல. மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு பயப்படுகிறதா என்பதுதான். பயம் விட்டால் ஓசை பின்னால் போகிறது. ஒரேயடியாகப் போவதில்லை. இப்போது உங்களோடு பேசும்போதும் எனக்கு அது இருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்ததால்தான் ஞாபகமே வந்தது.

செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெதனாவுக்கு 1874இல், ஐம்பது வயதில், காது முழுதாகப் போய்விட்டது. காதுக்குள் மட்டும் உச்ச ஸ்தாயியில் ஒரு விசில். இரண்டு வருஷம் கழித்து, தன் வாழ்க்கையையே கதையாக்கி, நான்கு வாத்தியங்களுக்கு ஓர் இசை எழுதினார். கடைசிப் பகுதியில் குதித்தோடுகிற இசை திடீரென்று அறுந்துவிடும். வயலின் மட்டும் கீச்சென்று ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். எழுதியதால் அவருக்குக் குணமாகவில்லை. ஆனால் அவருக்கு மட்டும் கேட்டது அன்றைக்கு மற்றவர்களுக்கும் கேட்டது.

நம் வீட்டில் காது இரைகிறது என்று சொல்கிறவருக்கு வயலின் கிடையாது. கட்டுப் போட்ட கால் என்றால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இது தெரியாது. “கூப்பிட்டாக் காதுலயே விழாது இவருக்கு” என்று அலுத்துக்கொள்ளாமல், நல்ல காதுப் பக்கமாக வந்து முகம் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் காதைப் பரிசோதித்துக் கேட்கும் திறனை அளந்து பார்த்த பிறகுதான் டாக்டர், “இனி கண்டுக்காதீங்க” என்றார். பார்க்காமலே கண்டுகொள்ளாமல் விடக் கூடாத இரைச்சல்கள் உண்டு. நாடியோடு சேர்ந்து துடிக்கிற இரைச்சல், ஒரு காதில் மட்டும் கேட்கிற இரைச்சல், தலைசுற்றலோடு வருகிற இரைச்சல். காதிலிருந்து நாற்றமடிக்கும் சீழ் வந்தாலும் காட்டிவிட வேண்டும். உள்ளே எலும்பை அரிக்கிற நோயாக இருக்கலாம். நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால், வீட்டில் கல்யாணமே இருந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். அதற்கான மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.