கொசுவலைக்கு வெளியே

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு ஆய்வு மாணவருக்கு மொழிபெயர்ப்பாளனாக மூன்று மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய்வந்தேன். வடமாநிலத் தொழிலாளர்களின் குடியிருப்பு பற்றிய ஆய்வு. அவருடைய பையைப் பார்த்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. மருந்து தோய்த்த கொசுவலை, தோலில் பூசும் களிம்பு, உப்பு-சர்க்கரைப் பொட்டலங்கள், தினமும் ஒன்றாக விழுங்க டாக்ஸிசைக்ளின். ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம் அதை நிறுத்தக்கூடாதாம். நோய் முற்றினால் விமானத்தில் தூக்கிப்போகக் காப்பீடு வேறு.

“எதுக்கு இவ்வளவு? நாங்கள்லாம் இங்கதானே இருக்கோம்” என்றேன்.

“உங்க உடம்புக்குப் பழகிடுச்சு, எனக்குப் பழகலையே” என்றார்.

பழக்கம் என்பது எவ்வளவு வசதியான சொல்! அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒருநாள் தகரக் கொட்டகை ஒன்றுக்குப் போனோம். எட்டுப் பேர் தங்குகிற அறை. வாசலில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூலையில் ஒரு பையன், இருபது வயதிருக்கும், இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்ததா?’ அவனிடம் இந்தியில் கேட்டேன். ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

மறுவாரம் அந்த மூலையில் வேறொருவன் படுத்திருந்தான். “அவன் ஊருக்குப் போயிட்டான்” என்றார்கள். எங்கள் தெருவில் இருக்கும் செவிலியர் அக்காவிடம் இதைச் சொன்னேன். “ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பாக்க காசா கேக்குறாங்க தம்பி? கையோட கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இதே மாவட்டத்தில்தான் உலகம் அறிந்த ஒரு கள ஆய்வு நடந்தது. 1968-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் பிசிஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு.

வெற்று ஊசி போட்டது ஏமாற்று என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இந்த மண்ணில் அந்த மருந்து எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று அன்று உறுதியாக யாருக்கும் தெரியாது. அந்த அறியாமை நேர்மையானது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக ஒருவரைக் காத்திருக்கச் சொல்லலாம். தகரக் கொட்டகையில் எங்களுக்கு என்ன தெரியாமல் இருந்தது? குளிர்காய்ச்சல் என்றால் என்ன, ரத்தம் எங்கே எடுப்பார்கள் எல்லாமே தெரியும். வைவாக்ஸ் மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும், அதனால் பிரைமாகுயின் மாத்திரையைப் பதினாலு நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே கட்டத்தில் குறியிட்டோம்.

அப்படியானால் ஆய்வாளர் கொசுவலையைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். மலேரியாவைத் தேடி நீலகிரிப் பக்கம் போன ரொனால்ட் ராஸ் 1897-இல் தானே அந்தக் காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு செகந்திராபாத்தில், கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா என்று ஹுசேன் கானுக்குக் கூலி கொடுத்தார். ராஸ் பட்ட காய்ச்சலால் ஹுசேன் கானின் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. ஆபத்தைச் சமமாகப் பங்கிட்டால் மனசாட்சிக்கு வேண்டுமானால் ஆறுதல் கிடைக்கும். நோயாளிக்கு ஒன்றும் கிடைக்காது.

“நாம தலையிட்டா தரவு மாறிடும்” என்பார் அந்த மாணவர். உண்மைதான். ஒருவனை மருத்துவரிடம் கூட்டிப்போனால் அந்த அறையின் கணக்கு மாறும். மாறட்டும், மாறியதையும் எழுதிவைக்கலாம். எல்லாரையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. ஆனால் அன்று எங்கள் முன்னால் கிடந்தது எல்லாரும் இல்லை. ஒரே ஒரு பையன். ஆட்டோவுக்கு நூறு ரூபாய், அரைநாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஆய்வேடு முடிந்துவிட்டது என்று பிறகு அந்த மாணவர் எழுதியிருந்தார். அதன் அட்டவணை ஏதோ ஒன்றில் அந்த ‘ஆம்’ இருக்கும். நான் போட்ட குறி.