சல்லடையில் தங்காதவை

ஒரு பெண் முத்துச்சிப்பி ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டை விடும். ஒரு முட்டையின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள கடலில் மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது நடந்துகொண்டிருக்கிறது. பாதி கருவுறாமலே போகும். கருவுற்றதை மீன் தின்னும், நீரோட்டம் எங்கேயோ அடித்துக்கொண்டு போகும், ஒட்டிக்கொள்ளப் பாறை கிடைக்காமல் மிச்சம் சாகும். ஒரு ஜோடிச் சிப்பிக்கு வாழ்நாளில் இரண்டு குஞ்சு பெரிதானால் போதும், இனம் அழியாது. மற்ற எல்லாம் சாவதற்கென்றே பிறந்தவை மாதிரிதான்.

இதை யாரும் கொலை என்று சொல்வதில்லை. கடல்மேல் யார் வழக்குப் போடுவது?

அதே முட்டைகளை இப்போது ஆராய்ச்சிக்கூடத்துத் தொட்டி ஒன்றுக்குக் கொண்டுவருவோம். தண்ணீர் வடிகட்டிய தண்ணீர். தின்ன வரும் மீன் கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு. கடலில் பிழைப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இங்கே பிழைக்கின்றன. ஆனாலும் ஏராளமாகச் சாகின்றன. கடலில் செத்தவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை, தொட்டியில் செத்தவற்றுக்கு ஒருவர் பொறுப்பு. அதிகமாகப் பிழைக்கவைத்தவரைப் பார்த்து ‘எத்தனை செத்தது?’ என்று கேட்பது நியாயமா? நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கொஞ்சம் வரலாறு. மன்னார் வளைகுடாவின் அடியில் ‘பார்’ என்று மீனவர்கள் சொல்லும் பாறைத்திட்டுகள் இருக்கின்றன. முத்துச்சிப்பி வாழ்வது அங்கேதான். ஒரு வருடம் பார் நிறையச் சிப்பி இருக்கும், அடுத்த பல வருடங்களுக்கு ஒன்றும் இருக்காது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது, அதோடு சரி. பாம்பனுக்குப் பக்கத்திலுள்ள குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்வளத் துறை 1930களிலேயே முத்துச்சிப்பியை வளர்த்துப் பார்த்தது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1971 வரை மண்டபம்தான் தலைமையிடம். அந்த நிறுவனம் 1973-ல் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து விளைவிக்கும் வித்தையைக் கைப்பற்றியது. ஆனால் சிப்பிக்கு எங்கே போவது? பார்களை நம்ப முடியாது. அதனால் முட்டையிலிருந்தே வளர்க்க வேண்டியதாயிற்று. 1981-ல் தூத்துக்குடியில் கே. அழகர்சாமியின் குழு அதைச் செய்துகாட்டியது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் கேள்வி எங்கே இருக்கிறது என்று புரியும். முதிர்ந்த சிப்பிகளைத் தொட்டியில் போட்டு, தண்ணீரின் சூட்டை மெதுவாகக் கூட்டுவார்கள். சூடு தாங்காமல் அவை முட்டையும் விந்தும் விடும். ஒரு நாளுக்குள் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்தில் ஓடு கட்டிய லார்வா நீந்த ஆரம்பிக்கும். அதற்கு உணவு ஐசோகிரைசிஸ் என்ற பொன்னிற நுண்பாசி. அந்தப் பாசியையும் தனியாக வளர்க்க வேண்டும். பதினைந்தாம் நாள் வாக்கில் லார்வாவுக்கு ஒரு கண்புள்ளி வரும். பிறகு ஒரு குட்டிக் கால் முளைக்கும். அந்தக் காலால் தரையைத் தடவித்தடவி, இந்த இடம் ஆகும், இது ஆகாது என்று பார்க்கும். மூன்று வாரம் தாண்டும்போது ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு குஞ்சாகிவிடும்.

இதற்கு நடுவில் தண்ணீரை மாற்றும்போதெல்லாம் லார்வாக்களைச் சல்லடையில் பிடிக்கிறார்கள். வளர்ந்தவை வலையில் தங்கும், வளராமல் பின்தங்கியவை வலைக்கண் வழியே இறங்கிவிடும். அவற்றைப் பெரும்பாலும் கொட்டிவிடுவார்கள். கொடூரம் எதுவும் கிடையாது, வெறும் தொழில் முறை.

*

“அட, சிப்பிதானே? அதுக்கு என்ன தெரியும்?” என்பது சுலபமான பதில். அந்தப் பதிலுக்கு நல்ல ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். பீட்டர் சிங்கர் 1975-ல் ‘அனிமல் லிபரேஷன்’ எழுதியபோது, வேதனைப்படும் உயிருக்கும் படாத உயிருக்கும் இடையிலான கோட்டை இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவில் எங்கோ போட்டார். 1990-ன் மறுபதிப்பில் அதைத் தளர்த்தி, சந்தேகத்தின் பலனைச் சிப்பிக்கே கொடுத்துவிட்டார். பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த சட்டம் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றது, சிப்பியைச் சேர்க்கவில்லை.

நம்ம ஊரில் இந்தக் கணக்கு இன்னும் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது, நத்தையோடு சிப்பியையும் ஈரறிவுயிர்களில் வைக்கிறது. தொடுதல் தெரியும், சுவை தெரியும். சமணமும் சங்கு, சிப்பி வகையை ஈரறிவில்தான் வைக்கிறது. ஆனால் ஈரறிவு என்றதும் விட்டுவிடலாம் என்று சமணம் சொல்லவில்லை. அறிவு குறைந்தால் பாவம் குறையலாம், இல்லாமல் போகாது.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. வளர வளர உலகத்தோடு தொடர்பு கூடும் என்பது நம் அனுபவம். சிப்பிக்கு ஒரு விதத்தில் இது தலைகீழ். லார்வாவாக இருக்கும்போது நீந்துகிறது, கண்புள்ளி இருக்கிறது, இடம் தேடி அலைகிறது. குஞ்சாகி ஒட்டிக்கொண்ட பிறகு நீச்சலும் போய்விடும், அந்தக் கண்புள்ளியும் போய்விடும். நாம் ‘சிப்பிதானே’ என்று சொல்லும்போது மனதில் வருவது அந்தப் பெரிய, அசையாத சிப்பி. சல்லடையில் இருப்பது அது இல்லை. அப்படியானால் எத்தனை அறிவு என்று நாம் அளப்பது எந்த வயதுச் சிப்பிக்கு?

லார்வாவுக்கு வலிக்குமா என்ற கேள்விக்கு இப்போதைக்கு விடை இல்லை. விடை வரும்வரை நாம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் கைக்கு எட்டும் கேள்வி.

*

என் வாதம் இதுதான். பொறுப்பு என்பது உயிரின் தகுதியிலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் எதைக் கையில் எடுத்துக்கொண்டோம் என்பதிலிருந்தும் வருகிறது. கடலில் சூடு, உப்பு, நெரிசல் எதையும் யாரும் தீர்மானிப்பதில்லை. தொட்டியில் எல்லாமே ஒருவர் தீர்மானித்தது. கடலை ஒத்திவைத்துவிட்டு அந்த இடத்தில் நாம் போய் நின்றுகொண்டோம். அதனால் ‘கடலில் இதைவிட அதிகம் செத்திருக்கும்’ என்பது உண்மையான தகவல்தான், ஆனால் அது பதில் ஆகாது. தெருவில் விட்டிருந்தால் செத்திருக்கும் என்று சொல்லி, வீட்டுக்கு எடுத்துவந்த நாய்க்குட்டியைப் பட்டினி போட முடியாதில்லையா.

ஆராய்ச்சி என்று வந்தால் இது இன்னும் கூர்மையாகிறது. குஞ்சு உற்பத்தியில் சாவு ஒரு நஷ்டம். ஆராய்ச்சியில் பல சமயம் சாவுதான் விடை. உப்பு எவ்வளவு குறைந்தால் தாங்காது? எவ்வளவு நெரிசல் ஆகாது? தண்ணீரின் நச்சை அளக்க உலகம் முழுக்கச் சிப்பிக் கருக்களைப் பயன்படுத்துகிறார்கள். எந்த அளவில் பாதிக் கருக்கள் உருக்குலைகின்றன என்று பார்த்து, அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். அந்தப் பாதி, கேள்வி கேட்டதற்காகச் செத்த பாதி.

அவற்றுக்கு என்ன செய்ய முடியும்? அழ முடியாது. பத்து லட்சம் உயிருக்காக அழுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மனசு அந்த அளவுக்குச் செய்யப்படவில்லை. ஆனால் ஒன்று செய்யலாம்: ஒழுங்காகக் கணக்கு எழுதலாம்.

*

‘கணக்கா? அது குமாஸ்தா வேலை’ என்று தோன்றலாம். கொன்றவர்களும் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதும் சரியான எதிர்வாதம். 1905-ல் இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டி முகாமில் சுமார் 8 கோடிச் சிப்பிகளை எடுத்தார்கள். அந்த எண் நமக்குத் தெரிவதற்குக் காரணமே அவர்கள் அவ்வளவு கவனமாக எண்ணியதுதான். அரசின் பங்கு இவ்வளவு, குளிப்பவர் பங்கு இவ்வளவு, மிச்சம் ஏலம். சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கினார்கள். அடுத்த வருடமே ஒரு கம்பெனி அந்தப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடங்களுக்குள் சிப்பியும் இல்லை, கம்பெனியும் இல்லை.

அவர்கள் எண்ணியது நமக்கு எத்தனை வந்தது என்று. நம்மால் எத்தனை போனது என்று எண்ணுவது வேறு கணக்கு. முதல் கணக்கை எழுத ஆசை போதும். இரண்டாவதை எழுத நேர்மை வேண்டும், ஏனென்றால் அது எழுதுகிறவரையே மாட்டிவிடும்.

ஆராய்ச்சி உலகில் இந்த இரண்டாவது கணக்குதான் முதலில் காணாமல்போகும். வெற்றியான தொட்டி கட்டுரையாகும். ஒரே இரவில் மொத்தமாகச் செத்த தொட்டி நோட்டுப்புத்தகத்தோடு அலமாரிக்குள் போகும். விளைவு என்ன? வேறொரு ஊரில் வேறொருவர் அதே தப்பை அதே மாதிரி செய்வார், இன்னொரு பத்து லட்சம் சாகும். முதல் பத்து லட்சத்தின் சாவு எதையாவது சொல்லியிருக்கும், நாம் சொல்லவிடவில்லை. வீண் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சொல்லவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் விஸ்கி க்ரீக் என்று ஒரு சிப்பிக் குஞ்சு பொரிப்பகம். 2007 வாக்கில் அங்கே லார்வாக்கள் கூட்டம் கூட்டமாகச் சாக ஆரம்பித்தன. முதலில் பாக்டீரியா என்று நினைத்தார்கள். கிருமியை ஒழித்தும் சாவு நிற்கவில்லை. எந்த நாள் தண்ணீரில் முட்டை விட்டவை செத்தன என்ற பதிவையும், அந்த நாள் கடல்நீரின் வேதியியலையும் விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆழத்திலிருந்து மேலே வரும் கரியமில வாயு மிகுந்த தண்ணீரில், பிறந்த முதல் ஓரிரு நாளில் ஓடு கட்ட முடியாமல் அவை செத்திருக்கின்றன. 2012-ல் அது ஆய்வுக்கட்டுரையாக வந்தது. கடல் அமிலமாகிறது என்பதை அந்தக் கரைக்குச் சத்தமாகச் சொன்னது அந்தச் செத்த லார்வாக்கள்தான். சொல்ல முடிந்ததற்குக் காரணம், தோல்வியை யாரோ தேதி போட்டு எழுதிவைத்திருந்தார்கள்.

*

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. எழுதிவைத்தால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது ஆபத்தான முடிவு. எழுதுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைத் தாண்டவேண்டும். இந்தச் சோதனை வேண்டுமா, இதன் விடை ஏற்கனவே யாரிடமாவது இருக்கிறதா? வேண்டும் என்றால், பத்து லட்சம் இல்லாமல் பத்தாயிரத்தில் முடியுமா? இதையெல்லாம் கேட்டபிறகும் சாகிற உயிருக்கு நாம் கொடுக்கக்கூடியது, அது செத்தது என்று உண்மையாகச் சொல்வது.

அந்த எண்ணும் துல்லியமாக இருக்காது. லார்வாக்களை ஒவ்வொன்றாக யாரும் எண்ணுவதில்லை. கலக்கிவிட்டு, ஒரு மில்லிலிட்டர் எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் எண்ணி, மொத்தத் தண்ணீருக்குப் பெருக்குவார்கள். அந்த ஒரு மில்லிலிட்டரைப் பார்க்கும் சில நிமிடங்கள்தான் ஒரு மனிதனுக்கும் ஒரு லார்வாவுக்கும் நேருக்கு நேர் சந்திப்பு. நீந்துகிறதா, நின்றுவிட்டதா, ஓட்டுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்து ஒரு கோடு போடவேண்டும். மணி ராத்திரி பதினொன்று ஆகியிருக்கும், கண் எரியும், இது போதும் என்று தோன்றும். செத்ததைச் செத்தது என்று குறிப்பதா, ‘பரவாயில்லை, லேசாக அசைந்த மாதிரி இருந்தது’ என்று குறிப்பதா என்பதை யாரும் மேற்பார்வை பார்க்கப்போவதில்லை.

உயிர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற பெரிய கேள்வி, கடைசியில் அந்தக் கோட்டை எந்தப் பக்கம் போடுகிறோம் என்ற அளவுக்குச் சின்னதாகிவிடுகிறது. சின்னதாக இருப்பதால்தான் அது நம்மால் முடிகிற வேலையாகவும் இருக்கிறது.