மாக்கோழியும் மனக்கோயிலும்



செஞ்சிக்கோட்டைக்கு அணித்தாயுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் ஜினகாஞ்சி மடம் நிலைபெற்ற ஊர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டார் போற்றும் அவ்வூர்க்கும், புலாலுண்ணாமையைச் சைவம் என்னும் பெயராலேயே வழங்கும் நமக்கும் இன்று பொதுவாயதொரு கவலை நேர்ந்துளது. கைப்பேசி புகாத வீடு அரிது. அதன்கண் இளைஞர் ஆடும் வீடியோ கேம்களுட் பல கொலையையே தொழிலாக உடையன. அவை உயிர்க்கு யாது செய்யும் என்பதனை நம் சித்தாந்த நெறி நின்று ஆராய்வாம்.

பப்ஜி என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வாம். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, படைக்கலம் தேடி, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர். இறுதியில் எஞ்சியவர் வென்றவராவர். வென்றார்க்குக் கோழி விருந்து என்னும் வாழ்த்துத் திரையில் தோன்றும். நடுவணரசு 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் இதனை உள்ளிட்ட 118 செயலிகளைத் தடுத்தது. காட்டிய காரணம் நாட்டின் இறைமையும் பாதுகாப்புமே, கொலையன்று. 2021-இல் அவ்வாட்டம் வேறு பெயரோடு மீண்டபொழுது குருதியின் செந்நிறம் பச்சையாயிற்று. 18 ஆண்டு நிரம்பாதார் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம் என்னும் வரையறையும் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்தாடுவதையே விலக்கிற்று. சட்டம் பொருளையும் காலத்தையும் அளக்கும். மனத்தை அளத்தல் அதன் தொழிலன்று. அது சமயத்தின் தொழில்.

மேனாட்டு உளநூலாரும் இதனை ஆய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியற் கழகம் 2020-இல் வெளியிட்ட தீர்மானம், இவ்வாட்டங்கட்கும் இரைதல், தள்ளுதல் முதலிய முரட்டுச் செயல்கட்கும் சிறிதளவு தொடர்புண்டு என்றும், கொடுங்குற்றங்கட்கு இவையே காரணமென்றற்குப் போதிய சான்றில்லை என்றும் கூறிற்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப்பட்டியலில், ஆட்டத்தை அடக்கமாட்டாது பிற கடமைகளை இழக்கும் நிலையை ஒரு நோயாகச் சேர்த்தது. ஆதலின், ஆடுவாரெல்லாம் கொலைஞராவர் என அச்சுறுத்தல் உண்மைக்கு மாறாம். பொய்யச்சம் காட்டி அறம் புகட்டுதல் சைவர்க்கு ஏலாது. பிள்ளைகளும் அதனை எளிதிற் கண்டுகொள்வர்.

ஆயின் நம் வினா வேறு. உயிர் எதனைச் சார்ந்து எதன் வண்ணமாகின்றது என்பதே அது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, உயிரும் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. மனம் வாக்குக் காயம் மூன்றானும் ஆகாமியம் ஏறும் என்பது நம் துணிபு. மனத்தில் நிகழ்வது வெறுங் கற்பனை எனத் தள்ளற்குச் சித்தாந்தத்தில் இடமில்லை. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் மனத்தே எடுத்த கோயிலுக்கு இறைவன் எழுந்தருளினான்; காடவர்கோன் கட்டிய கற்றளியின் நாள் அதன்பொருட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மனத்தெடுத்த கோயில் மெய்யாயின், மனத்துப் பயின்ற கொலை முற்றும் பொய்யாதல் யாங்ஙனம்?

இதனையே சமணரின் யசோதர காவியம் மறுதலையாற் காட்டும். உயிர்ப்பலியிட அஞ்சிய யசோதர மன்னன், தாய் சொற் கேட்டு, மாவாற் செய்த கோழியைச் சண்டமாரிக்கு வெட்டினான். மாவே ஆயினும், வெட்டிய கருத்தால் தாயும் மகனும் விலங்கும் பறவையுமாய்ப் பல பிறவி உழன்றனர் என்பது கதை. கொள்கையால் வேறுபட்டோமாயினும், இவ்வுண்மையைச் சமணரிடத்து ஏற்றல் நமக்கு இழுக்கன்று. அம்மன்னன் பலியின் பயனை விரும்பினான். சிறுவனோ விளையாட்டையே விரும்புகின்றான். ஆகலின் இரண்டன் வினையும் ஒன்றென்னோம். எனினும், வீழ்ந்தவன்மேல் இரங்காது அடுத்தவனைத் தேடும் பழக்கம் நாடோறும் பயிலின் வாசனையாய் நிலைக்கும். பச்சைக் குருதியும் மாக்கோழியே.

‘நும் புராணங்களிற் கொலை இல்லையோ?’ என இளைஞர் வினவுவர், வினவுதல் தக்கதே. அட்ட வீரட்டங்களில் நிகழ்ந்தது மறக்கருணை. ஆங்கு ஒறுத்தலும் அருளே. வேலாற் பிளவுண்ட சூரபன்மன் மயிலும் சேவலுமாய் முருகனடியிலும் கொடியிலும் இடம் பெற்றான். செஞ்சியில் 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளமையில் மாய்ந்த தேசிங்குராசன் கதையைக் கேட்பார் நெஞ்சு அவன் சாவிற்கு நையும். அங்கே சாவு ஒருமுறையே, துயரும் உடன்வரும். திரையிலோ பட்டவன் மறு ஆட்டத்தில் எழுவான். அழுவார் ஒருவரும் இல்லை.

இனிச் செய்யற்பாலது யாது? கைப்பேசியைப் பறித்தல் மட்டும் போதாது. சார்பின்றி உயிர் நில்லாது என்பது நம் நூற்றுணிபாகலின், ஒன்றைப் பறித்தார் மற்றொன்றைக் கொடுத்தல் கடன். அவ்வாட்டம் பிள்ளைகட்குத் தோழரையும், செய்தற்குரிய வேலையையும், ஏறுதற்குரிய படியையும் தருகின்றது. நம் திருமுறை வகுப்புக்களோ பெரும்பாலும் கைகட்டி அமர்ந்து ஒப்பிக்கவே பழக்குகின்றன. அப்பரடிகள் கையில் உழவாரம் இருந்தது. உடம்பாற் செய்யுந் தொண்டினின்றே உள்ளம் திரும்பும் என்பது பற்றியே சரியை முதற்படியாக வைக்கப்பட்டது. ஆதீனங்களும் ஊர்ச் சபைகளும் விடுமுறை நாளிற் பத்துப் பிள்ளைகட்கு ஒரு நந்தவனத்தை ஒப்புவிக்க. ஒரு திருக்குளக்கரையைத் துப்புரவாக்கும் பொறுப்பை அவர் கையிலேயே விடுக. பண்ணோடு பாடவும் முழவு கொட்டவும் கற்பிக்க. பெரியோரும் உடன் நின்று மண் சுமக்க. பெற்றோர் தம் கைப்பேசியை முதலில் வைத்தாலன்றிப் பிள்ளைகள் வையார்.

செடி வாடக் கண்டு நீர் சுமக்கும் பிள்ளைக்கு உயிரின் அருமை உரையாமலே விளங்கும். அது விளங்கியபின் திரையிற் காணும் கோழி விருந்தின் சுவை தானே குறையும். அதற்குரிய வாயிலைத் திறத்தல் நம் மடங்களின் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.