யூப்

பிரவுன்ஷ்வைக் நகரில் ஹிட்லர் இளைஞர் படையின் விடுதிப் பள்ளி. இனவியல் வகுப்பு. ஆசிரியர் ஒரு மாணவனை முன்னால் அழைத்து நிறுத்தி அவன் தலையை அளக்கிறார். கிழக்கு பால்டிக் வகை, சந்தேகமில்லாத ஆரியன் என்று வகுப்புக்கு அறிவிக்கிறார். நின்றவன் சாலமன் பெரேல். பெய்னெ என்ற சிற்றூரில் செருப்புக்கடை வைத்திருந்த யூதரின் மகன். பள்ளிப் பதிவேட்டில் யோசெஃப் பெர்யெல். கூடப் படிப்பவர்களுக்கு யூப்.

இந்தக் காட்சியைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அளவு முடியும்வரை ஆடாமல் நிற்க வேண்டியிருந்த அந்தக் கால்களைப் பற்றி நினைத்தது அதற்குப் பிறகுதான்.

*

1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்கள் யாருடைய மூக்கையும் அளக்கச் சொல்லவில்லை. தாத்தா பாட்டிகள் நால்வரில் மூவர் யூத சமயத்தவர் என்றால் பேரன் யூதன். அதற்குச் சான்று, பிறப்பு, திருமுழுக்குப் பதிவேடுகள். ரத்தம் ரத்தம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள் கடைசியில் போய் நின்றது பழைய பேரேடுகளின் முன்னால். ரத்தத்தில் ஒன்றும் எழுதியிருக்காது என்பது சட்டம் எழுதியவர்களுக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. தெரியாதது அளவுகோல் பிடித்த வாத்தியாருக்கு மட்டும்.

இதே பிரவுன்ஷ்வைக் மாநில அரசுதான் 1932இல் ஹிட்லருக்குப் பெயரளவில் ஓர் அரசுப் பதவி கொடுத்து, அதன் வழியாக ஜெர்மன் குடியுரிமையும் வாங்கிக் கொடுத்தது. அந்த நேரத்தில் அவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. அந்த நியமனக் காகிதம் செல்லுபடியானது.

*

பெய்னெயில் அப்பாவின் கடை சூறையாடப்பட்ட பிறகு பெரேலின் குடும்பம் போலந்தின் லோட்ஸ் நகருக்குப் போனது. 1939இல் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. பெற்றோர் சாலமனை அண்ணனோடு கிழக்கே அனுப்பிவைத்தார்கள். யூதனாகவே இரு என்றார் அப்பா. உயிரோடு இரு என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வதாக நினைத்திருப்பார்கள்.

1941 கோடையில் மின்ஸ்க் பக்கம் ஜெர்மன் படையிடம் பிடிபட்ட கூட்டத்தில் அவனும் வரிசையில் நின்றான். யூதர்களைத் தனியே பிரித்துக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். அவன் தன் தாள்களை மண்ணில் புதைத்துவிட்டு, முறை வந்ததும் நான் வெளிநாட்டில் வாழும் ஜெர்மன் வம்சம் என்றான். பதினாறு வயது. தாய்மொழிபோல் வந்த ஜெர்மன், தாய்மொழியேதான். நம்பிவிட்டார்கள். படைப்பிரிவுக்கு ரஷ்ய மொழிபெயர்ப்பாளன் கிடைத்தான். பின்னால் படிக்க அனுப்பியபோது அவன் போய்ச் சேர்ந்த பிரவுன்ஷ்வைக், பிறந்த ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான்.

*

பெயரை மாற்றலாம், கதையை மாற்றலாம். விருத்தசேதனத்தை மாற்ற முடியாது. குளியலறையும் மருத்துவச் சோதனையும் நான்கு வருடம் அவனைத் துரத்தின. படையில் ஒரு மருத்துவ உதவியாளனுக்கு விஷயம் தெரிந்துபோனது. அந்த உதவியாளன் ஆண்களை விரும்புகிறவன். வெளியே தெரிந்தால் அவனுக்கும் சிறைதான். இரண்டு பேரும் ஒருவர் ரகசியத்தை ஒருவர் காப்பாற்றினார்கள். இதை நட்பு என்பதா, பேரம் என்பதா? அந்த இடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

யூப் ஒரு பெண்ணை விரும்பினான். அவள் ஹிட்லர் இயக்கத்தில் ஊறியவள். ஒருநாள் அவள் இல்லாதபோது அவளுடைய அம்மா, நீ நிஜமாகவே ஜெர்மானியன்தானா என்று கேட்டுவிட்டாள். அவன் உடைந்து அழுது உண்மையைச் சொன்னான். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. என் மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றாள். பெற்ற மகளை இப்படி அளந்து வைத்திருந்த அந்தத் தாயைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம்.

*

விடுமுறையில் சீருடையோடு லோட்ஸுக்குப் போனான். பெற்றோர் அங்கே கெட்டோவுக்குள் அடைபட்டிருந்தார்கள். டிராம் கெட்டோவின் நடுவே நிற்காமல் போகும், கதவுகள் பூட்டியிருக்கும். அதில் ஏறி இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்வந்தபடி, வேலிக்கு அப்பால் கந்தலில் நடந்தவர்களின் முகங்களைத் தேடினான். கையில் ஸ்வஸ்திகா பட்டை. வெளியே இருந்தவர்களில் யாராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? சுற்றிப் பார்க்க வந்த ஒரு ஜெர்மன் பையன். அப்பா கெட்டோவிலேயே இறந்தார். அம்மாவை செல்ம்னோ கொலைமுகாமில் விஷவாயு வண்டியில் கொன்றார்கள். இதெல்லாம் போருக்குப் பிறகு தெரியவந்தது.

*

சாமர்த்தியசாலி எதிரியை ஏமாற்றினான் என்று கதையை முடித்துவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும். பெரேலே அப்படி முடிக்க விடவில்லை. வருடக்கணக்கில் நடித்தால் எங்கேயாவது நடிப்பு நின்றுபோகும். கூட்டத்தோடு கோஷம் போட்டபோது தானும் அதை நம்பிய நேரங்கள் உண்டு என்றார். யூப் முழுதாகத் தன்னைவிட்டுப் போகவே இல்லை என்று முதுமையிலும் சொன்னார். பயத்தால் மட்டுமல்ல, சேர்ந்து பாடுகிற சுகத்தாலும் ஒரு பையனை இழுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இதில் என்னைத் தொந்தரவு செய்கிறது. தன்னை அழிக்கச் சொல்கிற பாட்டாக இருந்தாலும்.

*

போருக்குப் பிறகு குடியேறிய இஸ்ரேலில் நாற்பது வருடம் வாய் திறக்கவில்லை. முகாமிலிருந்து மீண்டவர்கள் நடுவே, விடுதியில் மூன்று வேளை சாப்பிட்டவன் என்ன சொல்லிக்கொள்வது? இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தார். அந்தப் புத்தகத்தை வைத்து இயக்குநர் அக்னியெஷ்கா ஹோலந்த் 1990இல் 'யூரோப்பா யூரோப்பா' படத்தை எடுத்தார். ஆஸ்கருக்கு அதைத் தங்கள் நாட்டுப் படமாக அனுப்ப ஜெர்மன் தேர்வுக்குழு மறுத்தது. காரணம் எதுவானாலும் எனக்கு அது அற்பமாகவே தெரிகிறது.

2023இல் இறக்கும்வரைக்கும் ஜெர்மன் பள்ளிகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யூப்பின் வயதுப் பிள்ளைகள். பாதிக்கப்பட்டவனாக மட்டும் அவர் அவர்கள் முன் நிற்கவில்லை. அந்தச் சீருடை போட்டவனாகவும் நின்றார். எப்படி நம்பினேன் என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொன்னார்.